ஈசிஆரில் ஒரு கிரவுண்டு

1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவரிடம் படித்தவர்களும் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைத் தொடங்கினார்கள். பத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் விற்ற காசில் வாங்கிய மணல்வெளி அது. பத்தாண்டு கழித்து, 1976இல், ரோமுலஸ் விட்டேக்கர் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை வைத்தார். 1996இல் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா வந்தது. அதுவரை அந்தப் பக்கம் இடம் வாங்கியவர்களைச் சொந்தக்காரர்கள் ஒரு மாதிரியாகத்தான் பார்த்திருப்பார்கள். பிறகு சாலை அகலமானது, கிழக்குக் கடற்கரைச் சாலை என்ற பெயர் ‘ஈசிஆர்’ என்று சுருங்கியது, நிலவரம் தலைகீழானது.

இன்று திருவான்மியூரிலிருந்து மரக்காணம் வரை வழிநெடுக மனை விளம்பரங்கள். பணி ஓய்வு பெற்றவர்கள், மடிக்கணினியோடு வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள், துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஊர் திரும்ப எண்ணுபவர்கள் என்று வாங்க வருவோர் பலவகை. எல்லோரிடமும் புரோக்கர் சொல்லும் முதல் வசனம் ஒன்றுதான்: “கடலுக்கு ரெண்டே நிமிஷம் சார்.” விலை ஏறுவதும் அந்த ஒரு வரியால்தான், சட்டமும் உப்பும் புயலும் வீட்டுக்குள் வருவதும் அதே வரியால்தான்.

முதலில் சட்டம். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் 1991இல் வந்தன. 2011இலும் 2019இலும் திருத்தி எழுதப்பட்டன. பெரிய ஓத நாட்களில் அலை ஏறித் தொடும் எல்லைதான் உயர் ஓதக் கோடு. அதிலிருந்து நிலப்பக்கமாக 500 மீட்டர் வரை இந்த விதிகளின் ஆட்சி. நகரமாகாத ஊரகக் கடற்கரையில், 2011 விதிப்படி முதல் 200 மீட்டரில் புதிதாக வீடு கட்ட முடியாது. மக்கள் நெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் உள்ள ஊர்களில் இந்தத் தடையை 2019 விதி 50 மீட்டராகக் குறைத்தது. ஆனால் அதற்கேற்ற புதிய கடலோர மண்டல வரைபடம் ஒப்புதல் பெறும்வரை அந்தச் சலுகை கைக்கு வராது. ஆகவே “இப்ப அம்பது மீட்டர்தான் சார்” என்ற பேச்சைக் கேட்டால், அந்தச் சர்வே எண் எந்த வரைபடத்தில் எந்தப் பிரிவில் இருக்கிறது என்று காட்டச் சொல்ல வேண்டும்.

பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. சாலைக்கு மேற்கே வாங்கினால் தொல்லை இல்லை என்று நினைப்பார்கள். மேற்கே பக்கிங்காம் கால்வாயும் முட்டுக்காடு உப்பங்கழியும் கிடக்கின்றன. ஓதம் ஏறி இறங்கும் நீர்நிலை எதுவானாலும் அதன் கரையும் இதே விதிக்குள் அடங்கும். கேரளத்தில் மரடு அடுக்குமாடிகள் கடலைப் பார்த்து நின்றவை அல்ல. கொச்சியின் காயல் ஓரத்தில் நின்றவை. உள்ளாட்சி அனுமதி கையில் இருந்தது. வங்கிக் கடன் வாங்கி மக்கள் குடியேறியும் இருந்தார்கள். 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் இடிக்க உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் நான்கு வளாகங்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. முந்நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் போயின; இடைக்கால நிவாரணமாக வீட்டுக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம். பஞ்சாயத்து முத்திரை இருந்தால் போதும் என்று நம்புகிறவர்கள் அந்த இடிப்பின் காணொளியை ஒருமுறை பார்த்துவிடலாம்.

அடுத்தது காகிதம். கடலோரமாக இருந்தாலும் உள்நாடாக இருந்தாலும் தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம் நான்கும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். வெறும் பவர் பத்திரத்தை வைத்து நடக்கும் விற்பனை உரிமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2011லேயே தெளிவுபடுத்திவிட்டது. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டபோது, வயலில் கல் நட்டு விற்றவர்களிடம் வாங்கிய ஆயிரக்கணக்கானோர் தவித்துப்போனார்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அல்லது எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட திட்டமானால் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின் (ரெரா) பதிவு எண் இருக்க வேண்டும். அந்த எண்ணை இணையத்தில் தட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் வாங்குபவர் கேட்க வேண்டிய தனிக் கேள்வி ஒன்று இருக்கிறது: இது பஞ்சமி நிலமா? அங்கே ஆட்சியராக இருந்த டிரெமென்கீர், தலித் மக்களின் நிலைமை பற்றி 1891இல் ஓர் அறிக்கை தந்தார். அதைத் தொடர்ந்து 1892இல் வந்த ஏற்பாட்டில் அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலம்தான் பஞ்சமி நிலம். பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் அந்தச் சமூகத்தாருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிலங்களில் கணிசமான பகுதி இன்று வேறு கைகளில் இருக்கிறது. காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்கள் மீது 1994 அக்டோபரில் போலீஸ் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தார்கள். முப்பது ஆண்டுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தால் 1892 தெரியாது. கிராம நிர்வாக அலுவலகத்திலும் தாலுகாவிலும் உள்ள பழைய ‘ஏ’ பதிவேட்டைப் பார்த்தாக வேண்டும். கோயில் நிலமா, புறம்போக்கா என்பதையும் அந்தக் கையோடு தெரிந்துகொள்ளலாம். இது வாங்குபவரின் பணத்தைக் காப்பாற்றும் சோதனை மட்டுமல்ல. யாரிடமிருந்து பறிபோன நிலத்தில் தான் வீடு கட்டப் போகிறோம் என்று கேட்டுக்கொள்வதும்தான்.

வெளிநாடுவாழ் இந்தியர்கள் வீடும் வீட்டு மனையும் வாங்கலாம்; விவசாய நிலமும் பண்ணை வீடும் வாங்கக் கூடாது. கடற்கரையில் ‘ஃபார்ம் ஹவுஸ் பிளாட்’ என்ற பெயரில் விற்கப்படுவது எந்த வகை என்று பத்திரத்தைப் படிக்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. செலவுக் கணக்கில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 9 சதவீதத்தை எடுத்து வைத்துவிட வேண்டும்.

இனி தண்ணீர். கடற்கரை மணலில் பெய்யும் மழை, கீழே உள்ள உப்பு நீரின் மேல் மெல்லிய நல்ல நீராக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல நீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிவரை நல்ல நீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் அறிஞர்களின் பழைய கணக்கு. கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும்: போர் போட்டு உறிஞ்சி மேலே ஓர் அடி இறக்கினால், காலப்போக்கில் கீழிருந்து உப்பு 40 அடி ஏறும். நீச்சல்குளமும் புல்தரையும் வைத்த பங்களாக்கள் ஒரே வரிசையில் ஆழ்துளை போட்டால், பக்கத்துக் குப்பத்துக் கிணறு முதலில் கரிக்கும். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013 முதல் ஓடுகிறது; அதனால் எல்லா மனைக்கும் குழாய் வந்துவிட்டது என்று பொருள் இல்லை. மனை பார்க்கப் போகும்போது கோடையில் போய், அண்டை வீட்டில் லாரித் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒரு முறை வருகிறது என்று கேட்டால் உண்மை கிடைக்கும்.

உப்புக் காற்று கம்பியைத் தின்னும். சாதாரணச் சூழலில் கம்பிக்கு மேல் 20 மில்லிமீட்டர் கான்கிரீட் போதும் என்று சொல்லும் இந்தியத் தர நெறி, கடலோரத்துக்கு 45 மில்லிமீட்டரும் எம்30 தரக் கலவையும் கேட்கிறது. கட்டி முடித்துச் சாயம் அடித்த வீட்டில் இதைக் கண்ணால் பார்க்க முடியாது. அதனால்தான் கடலோரத்தில் பழைய வீடு வாங்குபவர்கள் கட்டுமானப் பொறியாளரை அழைத்துப்போவது வீண் செலவல்ல. ஏசி வெளிப்பெட்டி, ஜன்னல் கொக்கி, கேட் எல்லாம் அடிக்கடி மாற்ற வேண்டியவை என்று முன்பே மனதைத் தயார் செய்துகொள்ளலாம்.

கரையும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. இந்தக் கடற்கரையில் ஆண்டின் பெரும்பகுதியும் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளுகின்றன. 1980களின் இறுதியில் புதுச்சேரியில் துறைமுகத் தடுப்புச் சுவர்கள் எழுந்தபோது மணல் தெற்கே தேங்கியது. வடக்கே நகரக் கடற்கரையும், அதற்கப்பால் சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் போன்ற மீனவ ஊர்களின் கரையும் கரைந்தன. எனவே துறைமுகத்துக்கோ கடலுக்குள் நீட்டிய கல் சுவருக்கோ வடக்கே மனை பார்ப்பவர் அந்தக் கரையில் பத்து வருடம் முன் எங்கே கடல் இருந்தது என்று வலை பின்னும் பெரியவர் ஒருவரைக் கேட்பது நல்லது. செயற்கைக்கோள் படங்களும் பொய் சொல்வதில்லை.

புயல்களின் பட்டியல் நீளம். மாண்டஸ் 2022 டிசம்பரில் மாமல்லபுரம் அருகே கரை கடந்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியபோது அந்நகரில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. விற்பனையாளர்கள் மனை காட்டுவது தை, மாசியில். வானம் நீலமாக, காற்று இதமாக இருக்கும். அவசரமில்லாதவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் அதே தெருவில் வாடகைக்கு ஒரு வீடு பிடித்துத் தங்கிப் பார்க்கலாம். தெருவில் தண்ணீர் எத்தனை நாள் நிற்கிறது, மின்சாரம் எப்போது திரும்புகிறது, இரவு பதினொரு மணிக்கு ஆம்புலன்ஸ் எவ்வளவு நேரத்தில் வருகிறது, கடலுக்குப் போகும் பொது வழியை யார் சுவர் வைத்து மறித்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும். இரண்டு மாத வாடகையை மனை விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால், பத்திரத்துக்கு வாங்கும் முத்திரைத்தாளின் விலைகூட வராது.