கட் பண்ணியும் கட் ஆகாத லைன்

இன்னைக்கு நான் பண்ணின ஒரு தப்புல இருந்து ஆரம்பிக்கிறேன்.

சில வருஷம் முன்னாடி, சென்னையில ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்கு இபிஏபிஎக்ஸ் போட்டுக் கொடுத்தேன். ஒரு பழைய கம்ப்யூட்டர், நாலு போர்ட் அனலாக் கார்டு, ஆஸ்டரிஸ்க் சாஃப்ட்வேர், நாலு லேண்ட்லைன். டெஸ்ட் பண்ணினேன், கால் வந்தது, போனது. காசை வாங்கிட்டுக் கிளம்பிட்டேன். மறுநாள் காலைல டாக்டரம்மா செல்லுல கூப்பிட்டாங்க. "தம்பி, ராத்திரி பூரா நாலு லைனும் எங்கேஜ்டாம். மூச்சுத்திணறலோட ஒரு பாட்டியை, எங்களுக்குப் போன் கிடைக்காம, ஆட்டோல தூக்கிட்டு வந்திருக்காங்க." பாட்டி பிழைச்சுட்டாங்க. எனக்குத்தான் சாப்பாடு இறங்கல.

நடந்தது இதுதான். ராத்திரி கால் வந்தா "ஒன்றை அழுத்தவும்"னு ஒரு குரல் திரும்பத் திரும்பச் சொல்ற மாதிரி நான் எழுதியிருந்தேன். கூப்பிட்டவர் பொறுமை போய் கட் பண்ணிட்டாலும் அது நம்ம பெட்டிக்குத் தெரியல. அது பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கு, லைன் பிஸி. இப்படி நாலு பேர் கட் பண்ணினா நாலு லைனும் காலி.

ஏன் தெரியல? எக்ஸ்சேஞ்ச் நம்ம கம்பியில சுமார் 48 வோல்ட் வெச்சிருக்கும். ரிசீவரை எடுத்தா கரன்ட் ஓடும், வெச்சா நிக்கும். இதுக்கு லூப் ஸ்டார்ட்னு பேர். நாம எடுத்ததும் வெச்சதும் எக்ஸ்சேஞ்சுக்கு இப்படித்தான் தெரியுது. ஆனா எதிர்முனை ஆள் போனதை அது நமக்கு எப்படிச் சொல்லும்? சில இடத்துல கரன்ட்டை ஒரு நொடிக்கும் குறைவா நிறுத்திக் காட்டும். ஆஸ்டரிஸ்க்ல அதைக் கவனிக்கிற முறைக்கு கூல்ஸ்டார்ட்னு பேர். சில இடத்துல பிளஸ்-மைனஸை மாத்திப் போடும். சில இடத்துல ரெண்டும் கிடையாது, வெறும் பிஸி டோன்தான். எது கிடைக்கும்ங்கிறது எக்ஸ்சேஞ்ச் கையில.

எனக்கு வந்தது வெறும் டோன். மனுஷன்னா காதுல கேட்டு வெச்சிடுவான். பெட்டிக்கு நாமதான் காது வைக்கணும். நான் பிஸிடிடெக்டை ஆன் பண்ணவே இல்லை. போதாததுக்கு டோன் நாடு 'அமெரிக்கா'ன்னே இருந்தது. அங்கே பிஸி டோன் அரை நொடி சத்தம், அரை நொடி மௌனம். நம்ம ஊர்ல 400 ஹெர்ட்ஸ், முக்கால் நொடி சத்தம், முக்கால் நொடி மௌனம். அதனால பிஸிபேட்டர்ன்ல 750,750. எத்தனை தடவை கேட்டா கட் பண்ணணும்ங்கிற எண்ணை 6 ஆக்கினேன். ரொம்பக் குறைச்சா பேச்சையே பிஸி டோன்னு நினைச்சு நடுவுல அறுத்துடும். ஆறுன்னா ஒன்பது நொடி லைன் வீணாகும், பரவாயில்லை.

புதுசா செய்றவங்க முழிக்கிற இன்னொரு இடம்: லைன் சொருகுற போர்ட் எஃப்எக்ஸ்ஓ, ஆனா கான்ஃபிக்ல அதுக்கு எஃப்எக்ஸ்எஸ் சிக்னலிங்னு எழுதணும். எழுத்துப்பிழை இல்லை. எதிர்ல இருக்கிற எக்ஸ்சேஞ்ச்தான் எஃப்எக்ஸ்எஸ். அது பேசுற பாஷையில நாம பேசறோம், அவ்வளவுதான்.

இப்போ எந்த இடத்துக்குப் போனாலும் ஒவ்வொரு லைனுக்கும் என் செல்லுல இருந்து கூப்பிட்டு, செல்லை முதல்ல கட் பண்ணிட்டு, ஸ்க்ரீன்ல சேனல் விடுதான்னு நின்னு பார்ப்பேன். அன்னைக்கும் டெஸ்ட் பண்ணினேனே! ஒவ்வொரு தடவையும் முதல்ல வெச்சது மேஜை மேல இருந்த போனை.