முகப்பு மீட்டர்கள்: பழுதும் பரிகாரமும்

சங்கத்தின் நூல் கிடங்கில் தராசு ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் அதை நாம் ஒரு நாள்கூடப் பொறுப்பதில்லை. நூல் வாங்கும் நெசவாளரும், விளைபொருளை நிறுக்கும் விவசாயியும் உடனே குரல் எழுப்புவர். எடைக்கல்லும் முத்திரையும் சரிபார்க்கப்படும். ஆனால் அதே சங்கத்தின் பழைய வண்டியில் டீசல் மீட்டரின் முள் இரண்டு வருஷமாகத் தாறுமாறாக ஆடினாலும், “அது அப்படித்தான்” என்று சொல்லி விட்டுவிடுகிறோம். அந்த முள்ளும் ஒரு தராசு முள்ளே என்பதை மறந்துவிடுகிறோம்.

நெய்வேலி வட்டாரத்தில் வாழும் நமக்கு அளவுமானியின் அருமையை மிகுதியாக எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் ஆழ்கிணறு இறக்கியபோது நீரோடு கரும்பழுப்பான பொருள் மேலே வந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956-ல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் அமைந்தது; 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். இன்று அந்நிறுவனம் என்.எல்.சி. இந்தியா என்று வழங்குகிறது. இவை பலரும் அறிந்த செய்திகள். ஆயின் அந்தச் சுரங்கத்தைக் காத்து நிற்கும் வேலை ஒன்று கண்ணுக்குப் புலப்படுவதில்லை. நிலக்கரிப் படுகைக்கு அடியிலுள்ள ஊற்றுநீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தோடு மேல்நோக்கி உந்துகிறது. இரவு பகலாக ஆழ்குழாய்களால் நீரை இறைத்து அவ்வழுத்தத்தைத் தணிக்காவிடில், சுரங்கத்தின் தளமே பிளந்து நீர் புகுந்துவிடும். அழுத்தம் தணிந்ததா என்பதை அளந்தே அறிய வேண்டும். பார்த்து அறிய இயலாது. வண்டியின் எஞ்சினுக்குள் நடப்பதும் அவ்வாறே நமக்குத் தெரியாத காரியம். முகப்பிலுள்ள முட்களே அதற்குச் சாட்சி. சாட்சி பிறழ்ந்தால் என்ன நேரும்?

இவ்வட்டாரத்தில் நாம் நன்கு அறிந்த ஒரு சங்கத்தில் நேர்ந்ததைக் கூறுவோம். குறிஞ்சிப்பாடியிலிருந்து கைலிகளை ஏற்றிச் செல்லவும், பண்ருட்டிப் பக்கத்து அங்கத்தினர்களுக்கு உரம் கொண்டு சேர்க்கவும் அச்சங்கத்துக்கு ஒரு பழைய டீசல் ஜீப் இருந்தது. மாலையில் முக்கால் அளவு காட்டிய முள், சில நாட்களில் மறுநாள் காலை அரை அளவுக்கும் கீழே இறங்கியிருந்தது. இரவில் வண்டி ஓட்டுநர் வீட்டு வாசலில் நிற்பது வழக்கம். ஒருவர் வாயிலிருந்து சந்தேகம் பிறந்தது. பிறகு நிர்வாகக் குழுவிலேயே பேச்சாயிற்று. பதினான்கு வருஷம் வண்டி ஓட்டிய மனிதரிடமிருந்து சாவியை வாங்கிவிட்டோம். “வாங்கிவிட்டோம்” என்று எழுதக் காரணம், அத்தீர்மானத்தில் நம் கையொப்பமும் இருந்தது என்பதே. உண்மை பின்னர் தெரிந்தது. அதைக் கடைசியில் சொல்வோம். முதலில் முள் எவ்வாறு பொய் சொல்கிறது என்பதைப் பார்க்கலாம்.

மீட்டரின் உறுப்புகள்

2014-ல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் கார், பழைய ஜீப், பழைய டிராக்டர் முதலியவற்றின் மின் மீட்டர்களைப் பற்றியே இங்கு கூறுகிறோம். இக்காலத்து வண்டிகளில் மின்னணுப் பலகை எல்லா அளவுகளையும் சேர்த்துக் காட்டுவதால் அவற்றின் முறை வேறு.

பழைய மின் மீட்டரில் நான்கு உறுப்புகள் உண்டு. ஒன்று, டேங்கிலோ எஞ்சினிலோ பொருத்தப்பட்ட யூனிட். அளவு மாற மாற இதன் மின்தடையும் மாறும். இரண்டு, அதிலிருந்து முகப்புக்கு வரும் ஒயர். மூன்று, முள்ளும் எண்களும் கொண்ட மீட்டர். நான்கு, எர்த், அதாவது வண்டியின் உடம்பு வழியே பாட்டரிக்கு மின்சாரம் திரும்பும் பாதை. இந்த நான்காவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். புழுதியும் மழையும் கூடித் துரு ஏறுவது பெரும்பாலும் இந்த இடத்திலேதான். நல்ல மீட்டரைக் கழற்றி எறிந்து, வேறு மீட்டர் வாங்கிப் போட்டு, அதுவும் அதே பொய்யைச் சொல்லக் கேட்டுத் திகைத்தவர் பலர்.

சில வண்டிகளில் ஐந்தாவதாக ஒரு சிறு பெட்டியும் உண்டு. அது ஸ்டெபிலைசர். பாட்டரியின் அழுத்தம் ஏறி இறங்கினாலும் மீட்டருக்குச் சராசரியாக ஏறத்தாழ 10 வோல்ட் மட்டும் போகுமாறு அது விட்டு விட்டு மின்சாரம் தரும். எரிபொருள் மீட்டரும் வெப்ப மீட்டரும் ஒரே சமயத்தில் அதிகமாகவோ, ஒரே சமயத்தில் குறைவாகவோ காட்டினால், இரண்டும் ஒருங்கே கெட்டன என்று எண்ண வேண்டாம். இரண்டுக்கும் பொதுவான ஸ்டெபிலைசரையும் அதன் எர்த்தையுமே முதலில் பார்க்க வேண்டும்.

எரிபொருள் மீட்டர்

டேங்க் யூனிட்டில் ஒரு மிதவை, எண்ணெயோடு ஏறி இறங்கும். அதன் கை, மின்தடைச் சுருளின் மேல் நகரும். சோதிக்கும் முறை எளிது. ஆனால் டேங்கின் அருகே தீப்பொறி எழலாகாது. ஆதலால் ஒயரைத் தொடுவதும் எடுப்பதும் சாவியை அணைத்த பின்னரே நடக்க வேண்டும். பீடி, சிகரெட் அருகில் வரவே கூடாது.

முதலில் சாவியை அணைத்து, டேங்க் யூனிட்டின் ஒயரைக் கழற்றித் தனியே விடுக. சாவியைப் போட்டு முள் எங்கே நிற்கிறதென்று பார்க்க. மறுபடி சாவியை அணைத்து, அவ்வொயரை டேங்கிற்கு எட்ட வண்டியின் சுத்தமான இரும்பில் இறுகக் கட்டிச் சில விநாடிகள் மட்டும் சாவியைப் போடுக. முள் முன்பு ஒரு கோடியில் நின்றிருந்தால் இப்போது மறுகோடிக்குப் போக வேண்டும். எந்தக் கோடி காலி, எந்தக் கோடி நிறைவு என்பது மீட்டரின் வகையைப் பொறுத்து மாறும். அதைப் பற்றிக் கவலை வேண்டாம். முள் இரு கோடிக்கும் போனால் மீட்டரும் ஒயரும் நல்லவையே. பழுது டேங்க் யூனிட்டிலோ அதன் எர்த்திலோ உள்ளது.

அடுத்து, ஒயரை மீண்டும் யூனிட்டில் மாட்டி, யூனிட்டின் உலோக விளிம்பிலிருந்து பாட்டரியின் எர்த் வரை வேறொரு ஒயரைத் தற்காலிகமாக இணைத்துப் பார்க்க. முள் சரியான இடத்துக்கு வந்தால் குற்றம் எர்த்தினுடையது. துருவை உப்புத்தாளால் தேய்த்து நீக்கி, திருகை இறுக்கிவிட்டால் போதும், காசு செலவில்லை. அப்போதும் சரியாகாவிடில் யூனிட்டை வெளியே எடுக்க நேரிடும். எண்ணெயை வடித்துவிட்டுத் திறந்தவெளியில் அதைச் செய்க. மிதவையைக் காதருகே ஆட்டினால் உள்ளே எண்ணெய் சலசலக்கும் ஓசை கேட்கிறதா? ஓட்டை மிதவை மூழ்கிக் கிடந்து எப்போதும் காலி என்றே சொல்லும். அதற்குப் பற்றவைக்க முயல்வது ஆபத்து. புது மிதவை மாற்றுக.

முதல் சோதனையில் முள் அசையவே இல்லையெனில், முகப்பின் பின்புறத்தில் மீட்டருக்குள் அவ்வொயர் சேரும் முனையில் அதே சோதனையைச் செய்க. அங்கே முள் அசைந்தால் இடையில் ஒயர் அறுந்திருக்கிறது. அங்கும் அசையாவிடில் டெஸ்ட் பல்பால் மீட்டருக்கு மின்சாரம் வருகிறதா என்று பார்க்க. ஸ்டெபிலைசர் உள்ள வண்டியில் பல்பு மின்னி மின்னி எரிவது முறையே. மின்சாரம் வந்தும் முள் அசையாதபோதுதான் மீட்டரைக் குற்றவாளி என்று கூறலாம். பாட்டரியிலிருந்து நேரே ஒயர் இழுத்து மீட்டரைச் சோதிப்பது தவறு. உள்ளிருக்கும் நுண்ணிய சுருள் கருகிவிடும்.

வெப்ப மீட்டர்

மின் வகையானால் மேற்கூறிய சோதனையே இதற்கும் பொருந்தும். மிகப் பழைய வண்டிகளில் மின்சாரம் இல்லாத வேறு வகை உண்டு. எஞ்சினிலுள்ள சிறு குமிழிலிருந்து முகப்பு வரை மெல்லிய செப்புக்குழாய் ஓடும். உள்ளே எளிதில் ஆவியாகும் திரவம் இருக்கும். குமிழைக் கழற்றிக் கொதிக்கும் நீரில் வைத்தால் முள் 100 டிகிரி சென்டிகிரேடை ஒட்டி நிற்க வேண்டும். எஞ்சின் ஆறிய பின்னரே குமிழைக் கழற்றுக. குழாய் நசுங்கினாலோ அறுந்தாலோ ஊரில் ஈயம் பூசி ஒட்ட முயல வேண்டாம். உள்ளிருப்பது தீப்பற்றும் திரவம்.

இங்கே ஒரு வஞ்சகம் உண்டு. ரேடியேட்டரில் நீர் வற்றிப் போனால் யூனிட் நீரைத் தொடாமல் நிற்கும். அப்போது எஞ்சின் காய்ந்துகொண்டிருக்க, முள் குளிர்ச்சி என்று காட்டக்கூடும். ஆகவே முள் நல்லதாயினும், காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது நீரைக் கண்ணால் பார்க்கும் வழக்கத்தை விடலாகாது.

எண்ணெய் அழுத்த மீட்டர்

மற்ற மீட்டர்களில் முதலில் மீட்டரைச் சந்தேகிக்கலாம். இதில் மட்டும் முதலில் எஞ்சினைச் சந்தேகிக்க வேண்டும். ஓடும்போது முள் பூஜ்யத்துக்கு விழுந்தால் அந்த நிமிஷமே வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துக. “ஊர் போய்ப் பார்த்துக்கொள்வோம்” என்று ஓட்டினால், ஊர் சேருமுன் பேரிங்குகள் தீய்ந்துவிடும்.

பல பழைய எஞ்சின்களில் ஒரு மெல்லிய குழாய் வழியே எண்ணெயே மீட்டருக்குள் வரும். மீட்டருக்குள் வளைந்த தட்டைக் குழாய் ஒன்று, அழுத்தம் ஏறினால் நிமிர முயன்று முள்ளைத் திருப்பும். பிரான்சு நாட்டு யூஜின் பூர்தோன் 1849-ல் உரிமம் பெற்ற கருவி இது. எண்ணெய் அளவு சரியாக இருந்தும் முள் எழாவிடில், பட்டறையில் நம்பகமான வேறொரு மீட்டரை அதே இடத்தில் பொருத்திப் பார்க்கச் சொல்லுக. அதில் அழுத்தம் சரியாகத் தெரிந்தால் மட்டுமே பழைய மீட்டரையோ, அழுக்கு அடைத்த குழாயையோ குறை கூறலாம்.

வேகமானி

சக்கரங்களை ஓட்டும் தண்டோடு தொடர்புடைய கேபிள் சுழன்று, மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. வேகமுள்ளும் கிலோமீட்டர் எண்களும் இரண்டுமே நின்றுவிட்டால் கேபிளையோ அதை ஓட்டும் பற்சக்கரத்தையோ பார்க்க. எண்கள் ஓடி முள் மட்டும் நின்றால் பழுது மீட்டருக்குள். முள் நடுங்கினால் கேபிள் வறண்டோ மடங்கியோ இருக்கும். உட்கம்பியை உருவித் துடைத்து, மெல்லிய கிரீசைக் கீழ்ப்பகுதிக்கு மட்டும் தடவுக; மேல்முனைக்குத் தடவினால் கிரீஸ் மீட்டருக்குள் ஏறிக் கெடுக்கும்.

எண்கள் உண்மை சொல்கின்றனவா என்பதைச் சாலையே தெரிவிக்கும். வடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் வழியில் கிலோமீட்டர் கற்களை எண்ணிப் பத்துக் கல் தூரம் ஓட்டி, மீட்டரோடு ஒப்பிடுக. டயரின் அளவை மாற்றியிருந்தால் வித்தியாசம் தெரியும்.

சங்கம் செய்ய வேண்டுவது

முகப்புக்குப் பின்னால் கை வைக்குமுன் பாட்டரி இணைப்பைக் கழற்றுவது முதல் விதி. சோதனைக்கு வேண்டியபோது மட்டும் மீண்டும் இணைக்கலாம். அடுத்தது கணக்கு. எரிபொருளை மீட்டரைக் கொண்டு கணக்கிடலாகாது. டேங்கை ஒரே குறிவரை நிரப்பி, ஓடிய பின் மீண்டும் அதே குறிவரை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுக்க. இதை வண்டிக் குறிப்பேட்டில் ஓட்டுநரும் செயலாளரும் கையொப்பமிட்டு எழுதி வந்தால், முள் பொய் சொன்னாலும் ஏடு பொய் சொல்லாது.

மேலே சொன்ன சங்கத்தில் அவ்வாறு ஓர் ஏடு இல்லை. புதிதாக வந்த ஓட்டுநர் காலத்திலும் முள் அதே விதமாக இறங்கவே, ஒரு மெக்கானிக்கை அழைத்தோம். டேங்கை வடித்து அளந்தார். முள் காட்டியதைவிட எண்ணெய் மிகுதியாக இருந்தது. டேங்க் யூனிட்டின் எர்த் திருகில் துரு. இரவுப் பனியில் நனைந்தும் பகலில் குலுங்கியும் அது சில நாள் தொடும், சில நாள் தொடாது. உப்புத்தாளால் தேய்க்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

மறுநாள் குழுவினர் நால்வர் பழைய ஓட்டுநர் வீட்டுக்குச் சென்று சாவியைத் திரும்பக் கொடுத்தோம். அவர் வாங்கிக்கொண்டார், அன்றே வண்டியையும் எடுத்தார். ஆனால் அதன் பிறகு ஒரு நாளும் வண்டியைத் தம் வாசலில் நிறுத்தவில்லை. மாலையில் சங்கத்துக் கொட்டகையிலேயே விட்டு, சாவியைச் செயலாளர் மேஜைமேல் வைத்துவிட்டு நடந்தே வீடு போகிறார். திருகின் துருவைத் தேய்த்தெடுப்பது எளிது. ஆதலால் மனிதனைச் சோதிக்குமுன் முள்ளைச் சோதியுங்கள் என்று நம் சங்கங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.