ஒரே எஞ்சின், இரண்டு கணக்கு

2023 டிசம்பரில் ஹைதராபாத் அரசியலில் ஒரு கார் தலைப்புச் செய்தியானது. முந்தைய அரசு 22 டொயோட்டா லேண்ட் க்ரூஸர்களை வாங்கி விஜயவாடாவில் நிறுத்தி வைத்திருந்தது என்றார் தெலங்கானா முதல்வர் ரேவந்த் ரெட்டி. குண்டு துளைக்காத ஏற்பாடுகளோடு ஒவ்வொன்றும் 3 கோடி ரூபாய் என்பது அவர் சொன்ன கணக்கு. வாங்கிய விலையைப் பற்றி ஊரே பேசியது. வைத்திருப்பதற்கு என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை.

கேட்பதற்குத் தோதாக, லேண்ட் க்ரூஸருக்கு இன்னும் விலை கூடிய ஓர் உடன்பிறப்பு இருக்கிறது: லெக்சஸ் எல்எக்ஸ் 500டி. லேண்ட் க்ரூஸர் 300, லெக்சஸ் இரண்டும் ஜப்பானின் யோஷிவாரா ஆலையில் உருவாகின்றன. அடிச்சட்டம் ஒன்று. 3.3 லிட்டர் வி6 டீசல் எஞ்சினும் பத்து கியர் ஆட்டோமேட்டிக்கும் ஒன்று. 700 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் அப்படியே. 2022 கடைசியில் இந்த லெக்சஸ் இந்தியாவுக்கு வந்தபோது ஷோரூம் விலை 2.82 கோடி ரூபாய். லேண்ட் க்ரூஸர் 2.1 கோடியை ஒட்டி. மரபணு ஒன்றாக உள்ள இரட்டையரை வைத்து வளர்ப்பின் பங்கை ஆராய்வார்களே, அதுபோல இந்த ஜோடியை வைத்துச் சொகுசுக்கு மட்டும் ஆகும் செலவைத் தனியே பிரித்துவிடலாம்.

முதலில் சாலை கேட்கும் செலவு. ஹைதராபாத்தின் பஞ்சாகுட்டா சிக்னலை நோக்கி 60 கி.மீ. வேகத்தில் வரும் இரண்டரை டன் வண்டியில் சுமார் 350 கிலோஜூல் இயக்க ஆற்றல் இருக்கும். பிரேக்கை மிதித்தால் அத்தனையும் வெப்பமாகிக் காற்றில் கலந்துவிடும். பச்சை விழுந்ததும் அதே வேகத்தைப் பிடிக்க மறுபடி டீசல் எரிய வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 36 மெகாஜூல். அதில் மூன்றில் ஒரு பங்கே சக்கரத்துக்குப் போய்ச் சேரும். கணக்குப் போட்டால் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் 30 மில்லி, ஹைதராபாத் விலையில் கிட்டத்தட்ட 3 ரூபாய். இது எடையைப் பொறுத்தது. எந்தச் சின்னம் பொறித்த வண்டியானாலும் இதே 3 ரூபாய்தான்.

அடுத்தது வரி. இங்கேதான் பெருக்கல் தொடங்குகிறது. ஆலையில் கூடுதலாக 100 ரூபாய்க்குத் தோல் வேலைப்பாடு செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முழு வண்டியாக இறக்குமதியாகும் இந்த வகைக் கார்களுக்குச் சுங்கம் எல்லாம் சேர்த்து 110 சதவீதம். 100 ரூபாய் 210 ஆகிவிட்டது. அப்போதைய ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்ந்து 50 சதவீதம், ஆக 315. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40 சதவீதமாகக் குறைந்தது. மேலே தெலங்கானாவின் ஆயுள் வரி: 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு 2022-ல் 18 சதவீதம். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் மேல் ஏறி உட்காருகிறது. விற்பவரின் லாபத்தை ஒதுக்கிவிட்டுப் பின்னோக்கிப் பார்த்தால், இங்கே ஷோரூமில் தெரியும் 70 லட்ச ரூபாய் வித்தியாசம் துறைமுகத்துக்கு வரும்போது வெறும் 22 லட்சம்தான்.

இன்ஷூரன்ஸில் ஒரு வேடிக்கை உண்டு. 1,500 சிசிக்கு மேற்பட்ட தனியார் கார்களுக்குத் தேர்ட் பார்ட்டி பிரீமியம் ஆண்டுக்கு 7,897 ரூபாய் என்று 2022-ல் மத்திய அரசு நிர்ணயித்தது. இரட்டையருக்கும் அதே தொகை. மோதினால் அடுத்தவருக்கு ஆகும் சேதம் வண்டியின் விலையைப் பார்த்து வருவதில்லையே! சொந்த வண்டிக்கான பிரீமியமோ ஐடிவி எனப்படும் காப்பீட்டு மதிப்பைப் பொறுத்தது. அந்த மதிப்புக்கான அட்டவணை முதல் ஆறு மாதத்தில் 5 சதவீதம் கழிக்கும். நான்கு ஆண்டைத் தாண்டினால் பாதியையே கழித்துவிடும். லேண்ட் க்ரூஸருக்கு அந்தப் பாதி 1.05 கோடி, லெக்சஸுக்கு 1.41 கோடி.

பழைய கார் சந்தை இந்த அட்டவணையையும் மதிப்பதில்லை; பழுதாகும் வாய்ப்பையும் சேர்த்துப் பார்க்கும். லேண்ட் க்ரூஸரைத் தாங்குவது சுருள் வில். எஃகுக் கம்பியைச் சுற்றிய ஒரே உறுப்பு. கசிய அதில் ஒன்றுமில்லை. லெக்சஸிலோ உயரத்தை ஏற்றி இறக்கும் எண்ணெய் அழுத்த அமைப்பு இருக்கிறது. அடைத்துவைத்த வாயுவும் அதில் வில்லாக வேலை செய்கிறது. பம்பு, வால்வு, சென்சார் என்று பழுதாகக்கூடிய இடங்கள் பெருகுகின்றன. டயரிலும் அப்படித்தான்: 20 அங்குலச் சக்கரத்தின் 265/55 டயரில் பக்கச்சுவர் 146 மி.மீ.; 22 அங்குலத்தின் 265/50 டயரில் 133. மழைக்குப் பின் வரும் பள்ளத்துக்கும் விலை உயர்ந்த ரிம்முக்கும் நடுவே 13 மி.மீ. மெத்தை குறைவு.

செகண்ட் ஹேண்ட் வாங்க வருபவர் இதையெல்லாம் கண்ணால் பார்க்க முடியாது. விற்பவருக்குத் தெரிந்த குறை வாங்குபவருக்குத் தெரியாதபோது, நல்ல வண்டிக்கும் சேர்த்தே சந்தை விலையைக் குறைத்துவிடும் என்று பழைய கார்களை உதாரணமாக வைத்து 1970-ல் எழுதினார் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் ஏக்கர்லாஃப். 2001-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஒளிந்திருக்கக்கூடிய பழுதுகள் கூடக் கூட வாங்குபவரின் பயமும் கூடும். சொகுசுக் கார்கள் பொதுவாக ரீசேலில் வேகமாகச் சரிவதற்கு இது ஒரு காரணம்.

பில்லே வராத செலவும் ஒன்று உண்டு. விலை வித்தியாசமான அந்த 70 லட்சத்தை 7 சதவீத வட்டிக்குப் போட்டால் ஆண்டுக்கு 4.9 லட்சம் கிடைக்கும். லிட்டருக்கு 8 கி.மீ. என்று வைத்தால் 10,000 கி.மீ. ஓட்ட டீசலுக்கு ஆவது சுமார் 1.2 லட்சம். ஓட்டாத பணத்தின் வட்டி, ஓட்டிய எரிபொருளைப் போல் நான்கு மடங்கு. பெரிய வண்டி என்றதும் மைலேஜைப் பற்றிக் கவலைப்படுவது சின்னச் செலவைப் பிடித்துக்கொண்டு பெரிய செலவை விட்டுவிடுவதுதான்.

கோடிகளில் மட்டும் நடக்கும் விஷயமில்லை இது. தெலங்கானாவின் 2022 விகிதப்படி 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை ஆயுள் வரி 14 சதவீதம், அதைத் தாண்டினால் 20 லட்சம் வரை 17. 9.9 லட்ச ரூபாய்க் காருக்கு வரி 1,38,600 ரூபாய். சன்ரூஃப் ஆசையில் 20,000 ரூபாய் கூட்டி 10.1 லட்சத்துக்குப் போனால் 1,71,700. வசதிக்குக் கொடுத்தது 20,000. அதற்காக வரியில் கொடுத்தது 33,100.