தவளை வளர்க்க ஆசையா? முதலில் தொட்டியைப் பாருங்கள்!

சென்னை–திருப்பதி சாலையில் புத்தூரைத் தாண்டினால் வருவது வடமாலபேட்டை. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் வட்டாரம். இங்கு குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்குச் சென்னைப் பயணம் புதிதல்ல. திரும்பி வரும்போது பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கி வராமல் இருக்க முடியாது.

முன்பெல்லாம் பொம்மை, பலகாரம் என்று வாங்கினார்கள். இப்போது அந்த வரிசையில் வண்ண மீன்களும் சேர்ந்துவிட்டன. சென்னை கொளத்தூர் அந்த வியாபாரத்துக்குப் பெயர் பெற்ற இடம். வண்ண மீன் கடைகளில் மீன்களோடு நீர்த்தவளைகளும் விற்பனைக்கு வருகின்றன. சாகும் வரை தண்ணீரிலேயே வாழும் ஆப்பிரிக்கத் தவளைகள் இவை. கைகளை விரித்து மிதப்பதைப் பார்த்தால் பிள்ளைகள் கடையை விட்டு நகர மாட்டார்கள்.

தவளையின் விலை பெரிதல்ல. செலவும் சிரமமும் தொட்டியில்தான் இருக்கின்றன. தொட்டி வைக்க இடமும், அதை நிரப்பத் தண்ணீரும் வீட்டில் உண்டா என்று பார்த்த பிறகே தவளையை வாங்க வேண்டும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் தவளை வருகிறது. பிறகு ஊறுகாய் ஜாடியைத் தேடுகிறார்கள்!

இரண்டு சாதி

கடைகளில் வரும் நீர்த்தவளைகள் பெரும்பாலும் இரண்டு சாதி. ஒன்று குள்ளத் தவளை. வளர்ந்தாலும் ஒன்றரை அங்குலம்தான். ஐந்து ஆண்டு வரை வாழும். மற்றொன்று நகத் தவளை. பெண் தவளை நான்கைந்து அங்குலம் வளரும். பதினைந்து ஆண்டுகள், சில சமயம் அதற்கு மேலும் வாழும். இன்று இரண்டாம் வகுப்பில் படிக்கும் பிள்ளைக்கு வாங்கினால், அவன் வேலைக்குப் போகும்போதும் அந்தத் தவளை வீட்டில் இருக்கும்!

குட்டியாக இருக்கும்போது இரண்டும் ஒன்று போலத் தெரியும். அடையாளம் முன்னங்கால்களில் இருக்கிறது. குள்ளத் தவளைக்கு நான்கு கால்களிலும் விரல்களுக்கு இடையே சவ்வு உண்டு. நகத் தவளைக்கு முன்னங்கால் விரல்கள் சவ்வு இல்லாமல் தனித்தனியாக இருக்கும். கண்களும் உச்சந்தலையில் மேல் நோக்கி இருக்கும். "அண்ணே, இது குள்ளமா, நகமா?" என்று கடைக்காரரிடம் கேட்டு, நீங்களும் விரலைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

இதில் ஏமாந்தால் தொட்டிக் கணக்கே மாறிவிடும். நகத் தவளை வாய்க்கு அடங்கும் எதையும் விழுங்கும். கூட இருக்கும் வண்ண மீனும் குள்ளத் தவளையும் அதற்கு ஆகாரம்தான்.

உயரம் வேண்டாம், அகலம் வேண்டும்

வளர்ந்த நீர்த்தவளைக்கு மீனைப் போலச் செவுள் இல்லை. நமக்கு இருப்பது போல நுரையீரல்தான். தண்ணீருக்குள் வாழ்ந்தாலும் மூச்சு விட அடிக்கடி மேலே வந்தாக வேண்டும். நீளமான ஜாடியிலோ உயரமான தொட்டியிலோ விட்டால், ஒவ்வொரு மூச்சுக்கும் மாடிப்படி ஏறி இறங்குவது போன்ற வேலை. குள்ளத் தவளைக்குத் தண்ணீர் ஓர் அடி ஆழத்துக்கு மேல் வேண்டாம்.

நான்கைந்து குள்ளத் தவளைகளுக்கு 40 லிட்டர் தண்ணீர் தேவை. இரண்டு அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அடி உயரமுள்ள கண்ணாடித் தொட்டி இதற்குச் சரியாக வரும். கணக்கு எளிது. ஒரு கன அடிக்கு 28 லிட்டர். இந்தத் தொட்டி முழுதும் நிறைந்தால் 56 லிட்டர். மேலே மூன்று அங்குலம் விட்டு நிரப்பினால் 42 லிட்டர். அந்த மூன்று அங்குல இடைவெளி தவளை மூச்சு விடும் இடம். அதை மூடிவிடக் கூடாது.

நகத் தவளை ஒன்றோ இரண்டோ என்றால் தண்ணீர் மட்டும் 70 லிட்டருக்குக் குறையக் கூடாது. அதற்கு மூன்று அடி நீளத் தொட்டி வேண்டும். ஒற்றை அறை வீட்டில் மூன்று அடி என்பது ஒரு பீரோவின் இடம். யோசித்து முடிவு செய்யுங்கள்.

தொட்டியின் எடையையும் மறக்கக் கூடாது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இரண்டு அடித் தொட்டியில் தண்ணீர் மட்டும் 42 கிலோ. கண்ணாடியும் மணலும் வேறு. ஆடுகிற ஸ்டூல் தாங்காது. சமமான மேசையில் தெர்மோகோல் அட்டை விரித்து அதன்மேல் வையுங்கள். தவளையை விடும் முன் தண்ணீர் நிரப்பி ஒரு நாள் முழுக்க ஒழுகுகிறதா என்று பாருங்கள்.

மூடி அவசியம்

இந்தத் தவளைகள் தண்ணீரை விட்டு வெளியே விழுந்தால் சீக்கிரம் உலர்ந்து செத்துவிடும். ஆனாலும் தாவும். சிறு சந்து கிடைத்தால் வெளியே வந்துவிடும். காற்று புகும் கம்பி வலை மூடி போட்டு, மேலே கனம் வையுங்கள். மோட்டார் குழாய் நுழையும் மூலையையும் அடைக்க வேண்டும். மூடி இருந்தால் கொசு முட்டையிடும் கவலையும் குறையும்.

எந்தப் பாத்திரம் ஆகாது?

தவளையின் தோல் நம் தோல் போன்றதல்ல. தண்ணீரில் கலந்திருப்பது எதுவானாலும் தோல் வழியே உடம்புக்குள் போய்விடும். எனவே பழைய செப்புத் தவலை, பித்தளை அண்டா, துத்தநாகம் பூசிய தகரத் தொட்டி ஆகியவை ஆகவே ஆகாது. செம்பு கலந்த தண்ணீர் தவளைக்கு விஷம்.

புதிய சிமெண்ட் தொட்டியில் சுண்ணாம்பு இறங்கும். பல வாரங்கள் தண்ணீர் நிரப்பிக் கொட்டிய பிறகே உபயோகிக்கலாம். கண்ணாடித் தொட்டிக்குப் பணம் இல்லை என்றால் அகலமான பிளாஸ்டிக் டப் போதும். பெயின்டோ மருந்தோ வைத்திருந்ததாக இருக்கக் கூடாது. எதையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டாம். வெறும் தண்ணீரும் தேய்க்கும் நாரும் போதும்.

அடியில் சிறு கூழாங்கல் போடாதீர்கள். இரையோடு சேர்த்துத் தவளை கல்லையும் விழுங்கிவிடும். நைஸ் மணல், அல்லது தவளையின் தலையை விடப் பெரிய கற்கள் போடலாம். ஒன்றும் போடாமல் விட்டாலும் குற்றமில்லை. ஒளிந்துகொள்ள ஓர் உடைந்த மண்சட்டியை, கூர்முனை தேய்த்துக் கவிழ்த்து வையுங்கள்.

தண்ணீரைச் சுத்தம் செய்ய ஸ்பாஞ்ச் ஃபில்டர் நல்லது. வேகமாகத் தண்ணீரைப் பீய்ச்சும் மோட்டார் வேண்டாம். நகத் தவளையின் உடம்பின் இரு பக்கமும் தையல் போட்டது போல ஒரு வரிசை தெரியும். தண்ணீரின் அசைவை அறியும் உறுப்பு அது. ஓயாத நீரோட்டம் அதற்கு ஓயாத இரைச்சல்.

தண்ணீரும் வெயிலும்

குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு. பக்கெட்டில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும். மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போட்ட நாளில் பிடிக்க வேண்டாம். மீன் கடையில் குளோரின் நீக்கும் மருந்து கிடைக்கிறது. சீட்டில் உள்ள அளவுப்படி ஊற்றலாம்.

புதுத் தொட்டி பக்குவப்பட நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். கழிவை மாற்றும் நுண்ணுயிர்கள் அதற்குள்தான் பெருகும். அதுவரை இரை குறைத்து, தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். பிறகு வாரம் ஒருமுறை கால் பங்கு மாற்றினால் போதும். 42 லிட்டர் தொட்டிக்கு இது பத்து லிட்டர், ஒரு பக்கெட். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கும் தெருவில் அந்த ஒரு பக்கெட்டும் கணக்குத்தான். அதை வீட்டுக்காரியிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது!

இந்தப் பக்கத்தில் பெரிய எதிரி வெயில். கோடையில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். நகத் தவளைக்கு உகந்த தண்ணீர் 18 முதல் 24 டிகிரி. குள்ளத் தவளை 27 டிகிரி வரை சுகமாக இருக்கும். ஆகவே நம் ஊர் ஓட்டு வீட்டுக்கும் தகரக் கூரைக்கும் நகத் தவளை ஏற்றதல்ல. குள்ளத் தவளைக்குக்கூடச் சித்திரை, வைகாசியில் கவனம் தேவை.

தொட்டியை ஜன்னல் வெயில் படாத உட்சுவர் ஓரம் வையுங்கள். வலை மூடியின் மேல் மேசை விசிறியின் காற்று படும்படி செய்தால் தண்ணீர் ஆவியாகிச் சில டிகிரி சூடு குறையும். குறையும் தண்ணீரை ஈடு செய்ய வேண்டும். மொட்டைமாடித் தொட்டியின் சுடுதண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. ஐஸ் கட்டியைக் கொட்டுவதும் தவறு. திடீர் மாற்றம் ஆபத்து.

குழந்தைகள் கவனம்

அமெரிக்காவில் 2008 முதல் 2011 வரை 44 மாநிலங்களில் 376 பேருக்கு சால்மொனெல்லா கிருமியால் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்தன. விசாரித்தபோது வீட்டுத் தொட்டிகளில் வளர்த்த குள்ளத் தவளைகளிடமிருந்து அது பரவியது தெரிந்தது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் சிறு குழந்தைகள். தவளை நோய் கொண்டதாகத் தெரியாது. அது இருக்கும் தண்ணீரில் கிருமி இருக்கும்.

ஆகவே ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை உள்ள வீட்டில் இந்தத் தொட்டி வேண்டாம். மற்ற வீடுகளில் தொட்டியைத் தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். மறுபடி தொட்டியில் கைவிடும் முன் சோப்பு வாசனை போக நன்றாக அலச வேண்டும். தொட்டியையோ ஃபில்டரையோ சமையலறையில் பாத்திரம் கழுவும் இடத்தில் கழுவாதீர்கள்.

ஏரியில் விடாதீர்கள்

நகத் தவளை உலகம் சுற்றியதற்கு ஒரு கதை உண்டு. 1930-களில் தென் ஆப்பிரிக்காவில் ஓர் உண்மை தெரிந்தது. கர்ப்பிணியின் சிறுநீரிலிருந்து எடுத்ததைப் பெண் தவளைக்கு ஊசி மூலம் செலுத்தினால், ஒரு நாளுக்குள் அது முட்டையிடும். கர்ப்பம் தரித்ததை அறிய இதுவே சோதனை ஆயிற்று. ஆயிரக்கணக்கான தவளைகள் பல நாடுகளின் மருத்துவமனைகளுக்குக் கப்பல் ஏறின. பிறகு விஞ்ஞான ஆராய்ச்சிக்கும் போயின. இத்தவளையில் செய்த ஆராய்ச்சிக்காக இங்கிலாந்தின் ஜான் கர்டனுக்கு 2012-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் தப்பியவையும் வெளியே விடப்பட்டவையும் கலிபோர்னியா, சிலி, பிரான்ஸ், சிசிலி ஆகிய இடங்களின் குளங்களில் பெருகிவிட்டன. அங்குள்ள சிறு உயிர்களைத் தின்கின்றன. மற்றத் தவளை இனங்களைக் கொல்லும் ஒரு தோல் பூஞ்சையைத் தனக்கு ஒன்றும் ஆகாமலே சுமந்து திரியவும் இவற்றால் முடியும்.

நம் நாட்டிலும் பாடம் உண்டு. நம் வயல்களில் பூச்சிகளைத் தின்று உழவனுக்கு உதவும் பெருந்தவளை, அந்தமான் தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்து அங்குள்ள உயிர்களுக்கு எமனாகிவிட்டது. இடம் மாறினால் நல்லதும் கெட்டதாகும்.

அதே பெருந்தவளையின் காலுக்காக ஒரு காலத்தில் நம் கிராமங்களில் வேட்டை நடந்தது. 1987-இல் இந்திய அரசு தவளைக்கால் ஏற்றுமதியைத் தடை செய்தது. அப்படிக் காப்பாற்றிய தவளைகள் இருக்கும் ஏரியில், வளர்க்க முடியாத வெளிநாட்டுத் தவளையைக் கொண்டுபோய் விடுவது எந்த வகையில் நியாயம்?

வேலை மாற்றலாகி ஊரை விட்டுப் போகிறவர்கள், வளர்க்க முடியாதவர்கள், தவளையைக் கடைக்காரரிடமோ வளர்க்கத் தெரிந்த வேறொருவரிடமோ ஒப்படைக்க வேண்டும். ஏரி, கிணறு, கால்வாய் எதிலும் விடக் கூடாது. தொட்டியின் பழைய தண்ணீரையும் அவற்றில் கொட்டாமல், மேட்டு நிலத்து மண்ணில் ஊற்றுங்கள். ஏரித் தவளையைப் பிடித்து வந்து தொட்டியில் அடைப்பதும் வேண்டாம். அதற்கு நிலமும் நீரும் இரண்டும் தேவை.

இத்தனையும் முடியும் என்றால் இரண்டு அடித் தொட்டி வாங்கி, மூடி போட்டு, ஒரு மாதம் தண்ணீரைப் பக்குவப்படுத்துங்கள். அடுத்த சென்னைப் பயணத்தில் குள்ளத் தவளைகளைக் கொண்டு வரலாம். பையில் பாதித் தண்ணீர், பாதிக் காற்று இருக்கட்டும். பஸ்ஸில் வெயில் படாத பக்கம் உட்காருங்கள். முடியாது என்று தோன்றினால், மழை பெய்த இரவில் பிள்ளைகளை ஏரிக்கரைக்கு அழைத்துப் போங்கள். அங்கே கத்தும் தவளைகளுக்குத் தொட்டிச் செலவு கிடையாது!