கண்டீரவா யாருடைய மைதானம்?

சூளகிரிக்காரருக்குப் பெரிய கால்பந்து ஆட்டம் பார்க்கச் சென்னையைவிடப் பெங்களூருதான் பக்கம். அத்திப்பள்ளியைத் தாண்டினால் கண்டீரவா மைதானம். பெங்களூரு எஃப்சியின் சொந்தக் களமாக இன்று அறியப்படும் அந்த இடம், அந்த அணிக்காகக் கட்டப்பட்டதல்ல; கால்பந்துக்காக மட்டும் கட்டப்பட்டதும் அல்ல. ஒரு காலத்தில் அங்கே சம்பங்கி ஏரி இருந்தது. அதைச் சுற்றித் தோட்டம் போட்டவர்கள் தமிழ் வேர் கொண்ட திகளர்கள். அவர்களுடைய கரக விழாவுக்காக ஏரியின் ஒரு சிறு துண்டு, குளமாக இன்னும் மைதானத்தின் அருகே இருக்கிறது. 1997 தேசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி, 400 மீட்டர் ஓடுபாதையோடு மைதானம் இன்றைய வடிவம் பெற்றது. 2013-இல் பிறந்த பெங்களூரு எஃப்சி, முதல் பருவத்தில் அசோக் நகரின் பழைய கால்பந்து அரங்கைச் சொந்தக் களமாகக் கொண்டே ஐ-லீக் பட்டத்தை வென்றது. கண்டீரவாவுக்கு வந்தது அதன் பிறகுதான்.

வந்த இடத்தில் தகராறு வந்தது. ஆட்டமும் அதற்கான ஏற்பாடுகளும் நடக்கும் நாள்களில் பயிற்சிக்கு இடமில்லை என்று தடகளத்தினர் போராடினார்கள். விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 7.26 கிலோ சங்கிலிக் குண்டு விழுந்தால் புல்தரையில் குழி விழும். ஈட்டி குத்தினால் கிழியும். பந்து சீராக உருள வேண்டிய தரையில் இரண்டையும் அனுமதிக்க முடியாது. அப்படியானால் வெளியே போகவேண்டியவர் யார்? ஓடுபாதை யாருக்காகப் போடப்பட்டதோ அவர்களா?

கால்பந்து வந்ததால்தான் அரங்கம் நிறைந்தது என்பார்கள். உண்மைதான். 2016 அக்டோபரில் மலேசியாவின் ஜோகூர் அணியை 3-1 என வீழ்த்தி, ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்புக் கோப்பையின் இறுதிப் போட்டிக்குப் பெங்களூரு நுழைந்ததும், 2018-இல் இந்தியன் சூப்பர் லீக் இறுதிப் போட்டியில் பெங்களூருவைச் சென்னையின் எஃப்சி 3-2 என வென்று கோப்பையைத் தூக்கியதும் இங்கேதான். ஆனாலும் ரசிகர் ஓடுபாதைக்கு அப்பால் உட்கார்ந்துதான் பார்க்கிறார். கால்பந்துக்கென்றே அமைந்த களத்தில் அந்தத் தூரம் இராது. தனி அரங்கம் கட்டப் பணமும் நிலமும் ஏது என்று கேட்கலாம். புதிதாகக் கட்டவேண்டியதில்லை; அசோக் நகர் அரங்கையே செப்பனிட்டு விரிவாக்கலாம்.

ஓசூரும் சூளகிரியும் சிப்காட் தொழிற்பேட்டைகளோடு சேர்ந்து இப்போது வேகமாக வளர்கின்றன. பெங்களூருவின் தகராறு இங்கேயும் வராமலிருக்க, நிலம் இருக்கும்போதே ஓட்டத்துக்கு ஓர் இடம், பந்துக்கு ஓர் இடம் என்று நம் உள்ளாட்சிகள் தனித்தனியாக ஒதுக்கிவைக்க வேண்டும்.