வெகுமதி அட்டையின் மறுபக்கம்

அமெரிக்காவின் அட்லாண்டிக் சிற்றியில் 1978இல் கசினோக்கள் சட்டபூர்வமாகத் திறக்கப்பட்டபோது, இலவச அறையும் விருந்தும் பெரும்பாலும் மேசைகளில் பெருந்தொகை வைத்து ஆடிய செல்வந்தருக்கே கிட்டின. இயந்திரத்தில் நாணயமிட்டு ஆடிய சாதாரணர் பொருட்படுத்தப்படவில்லை. சிறு நாணயங்களே பெருவருவாய் என்பதை உணர்ந்த கசினோக்கள், 1980களின் முற்பகுதியில் இவர்களுக்கென ஸ்லொட் கழகங்களை ஆரம்பித்தன. ஆடிய தொகைக்கேற்பப் புள்ளிகளும், புள்ளிகளுக்கு உணவு, தங்குமிடம், பணம் என்பனவும் வழங்கப்பட்டன. பின்னர் உறுப்பினர் அட்டையை இயந்திரத்தில் செருகியதும் ஒவ்வோர் ஆட்டமும் கணினியில் பதிவாகும் முறை வந்தது. 1997இல் ஹராஸ் நிறுவனம் தனது பல கசினோக்களுக்கும் பொதுவான திட்டமொன்றை அறிமுகப்படுத்தியது.

இவ்வெகுமதி கொடையன்று என்பதையே நாம் வலியுறுத்த விரும்புகின்றோம். ஆடுபவர் நீண்டகாலத்தில் இழக்கக்கூடிய தொகையைக் கணித்து, அதில் சிறுபங்கே திருப்பியளிக்கப்படுகின்றது. புள்ளிகளுக்காக மேலதிகமாக ஆடுபவர், பெறுவதைவிட இழப்பதே அதிகம். அட்டை ஆடுபவரின் கையில் இருக்கலாம். கணக்கேடு கசினோவிடமே இருக்கின்றது.