கலவறைச் சாவி யார் கையில்?

நாகர்கோவிலில் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து மென்பொருள் எழுதுகிறோம். இப்போது கையிலிருப்பது தோவாளைப் பூ வியாபாரி ஒருவருக்கான பில் போடும் செயலி. புதிதாகச் சேர்ந்த பெண் காலையில் வந்ததும் முறையிடுவாள்: "யக்கா, நேத்து ஓடிச்சுல்லா, இன்னிக்கு எனக்க லேப்டாப்புல மட்டும் ஓடமாட்டேங்கு." நான் நிரலைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. "உனக்க என்வ் ஃபைலு பழசு மக்கா" என்பேன். பெரும்பாலும் அதுதான் சங்கதி.

செயலி ஓட நிரல் மட்டும் போதாது. தரவுத்தளம் எங்கே இருக்கிறது, அதன் கடவுச்சொல் என்ன, எஸ்எம்எஸ் அனுப்பும் சேவையின் ரகசியச் சாவி எது என்பதெல்லாம் தெரிய வேண்டும். எங்கள் ஊர்க் கல்யாணத்தில் சமைக்கும் தவசிப்பிள்ளையின் கைப்பக்குவம் எந்த வீட்டிலும் ஒன்றுதான். சமையல் நடக்கும் ஆக்குப்புரை எந்தப் பக்கம், சாமான்கள் வைக்கும் கலவறையின் சாவி யாரிடம் என்பது வீட்டுக்கு வீடு வேறு. அப்படி இடத்துக்கு இடம் மாறுகிறவற்றை நிரலுக்கு வெளியே வைப்பது பழைய வழக்கம். 1979இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இதற்கான 'என்விரான்மென்ட் வேரியபிள்' உண்டு. 2011இல் ஹெரோக்கு நிறுவனத்தின் ஆடம் விக்கின்ஸ் செயலிகளுக்குப் பன்னிரண்டு விதிகள் எழுதினார். அவற்றில் எனக்குப் பிடித்த சோதனை ஒன்று: உங்கள் நிரல் முழுவதையும் இந்த நிமிடமே ஊரறியத் திறந்துவிட்டால், ஏதாவது ரகசியம் வெளியே போகுமா?

போகாமலிருக்கத்தான் 'டாட் என்வ்' என்ற சின்ன ஃபைல். வரிக்கு ஒன்றாக, இடப்பக்கம் பெயர், நடுவே சமக்குறி, வலப்பக்கம் மதிப்பு. நிரல், அதைப் பகிர்ந்துகொள்ளும் 'கிட்' கருவி வழியாக எல்லோருக்கும் போகும்; இந்த ஃபைல் மட்டும் போகக் கூடாது என்று 'கிட்இக்னோர்' பட்டியலில் எழுதிவைப்போம். வினையும் அங்கேதான். பக்கத்து மேசைத் தம்பி எஸ்எம்எஸ் சேவையை மாற்றுகிறான், தன் ஃபைலில் ஒரு வரி சேர்க்கிறான். அவன் எழுதிய நிரல் நமக்கு வந்துவிடும், அந்த ஒரு வரி வராது.

உடனே வாட்ஸ்அப் குழுவில், "யாராவது என்வ் அனுப்புங்க." முழு ஃபைலும் வந்து விழும், வியாபாரியின் நிஜக் கணக்குச் சாவியோடு. வேலையை விட்டுப் போனவன் போனிலும் அது கிடக்கும். கழக்கூட்டம் டெக்னோபார்க்கின் பெரிய கம்பெனிகளுக்கு ரயிலேறிப் போகிறவர்களைக் கேட்டால் பெட்டகம், அனுமதி என்று சொல்வார்கள். சின்ன ஆபீசுகளுக்கு வாட்ஸ்அப்தான் பெட்டகம்!

பெரிய இடத்திலும் சறுக்கியிருக்கிறார்கள். 2016இல் ஊபரின் கிட்ஹப் நிரல் கிடங்குக்குள் இருவர் புகுந்தார்கள். வெளியார் பார்க்க முடியாத கிடங்குதான். ஆனால் உள்ளே அமேசான் கிளவுடின் சாவி கிடந்தது. அதை வைத்து 5.7 கோடிப் பேரின் விவரங்களை அள்ளினார்கள். கம்பெனி ஒரு லட்சம் டாலர் கொடுத்து வாயை அடைத்தது. விஷயம் வெளியே வந்தது 2017 நவம்பரில்.

எங்கள் ஏற்பாடு எளியது. எல்லோரிடமும் ஒன்றாக இருக்க வேண்டியவை பெயர்கள். ஆகவே மதிப்புகளை வெறுமையாக விட்டு, பெயர்கள் மட்டும் கொண்ட 'எக்ஸாம்பிள்' ஃபைல் ஒன்றைக் கிட்டிலேயே வைக்கிறோம். புதிய வரி தேவைப்படும் நிரலை, இந்த 'எக்ஸாம்பிள்' ஃபைலிலும் அந்த வரி இல்லாமல் யாரும் சேர்க்கக் கூடாது. மதிப்புகள் பிட்வார்டன் போன்ற கடவுச்சொல் பெட்டகத்தில் இருக்கும். மொசில்லாவில் பிறந்த 'சாப்ஸ்' கருவியால் பூட்டி, கிட்டிலேயே வைப்பவர்களும் உண்டு. அவரவர் லேப்டாப்புக்குச் சோதனைச் சாவி போதும், நிஜச் சாவி சர்வரில்தான்.

இன்னொன்று, இதுதான் என்னைக் கேட்டால் முக்கியம். செயலி கிளம்பும்போதே தன் பட்டியலைச் சரிபார்த்து, "எஸ்எம்எஸ்_கீ இல்லை" என்று பெயர் சொல்லி நின்றுவிட வேண்டும். விடுபட்ட வரியை வெற்று மதிப்பாக எடுத்துக்கொண்டு ஓடும் செயலி ஆபத்தானது. பகலெல்லாம் நல்ல பிள்ளையாக இருக்கும். விடியுமுன் பூச்சந்தை களைகட்டும் நேரத்தில், பில் போட்டதும் குறுஞ்செய்தி போகாமல் நிற்கும். வியாபாரியின் போன் நமக்கு வரும்.

உங்கள் ஆபீஸ் குழுவிலும் இப்படி ஒரு ஃபைல் கிடக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால் மெசேஜை அழித்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். கிட்டில் ஏறியிருந்தாலும் அப்படித்தான். ஃபைலை நீக்கினாலும் பழைய பதிவுகளில் அது இருக்கும். அந்தச் சாவியை இன்றைக்கே ரத்து செய்து, புதிது வாங்குங்கள்.